ஓய்வெடுத்த சாம்பியன்கள் ஏன் இன்னுமொரு சண்டைக்குத் திரும்புகிறார்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொட்டாஞ்சேனையில் ஒரு சின்னக் குத்துச்சண்டை ஜிம்மில் சனி, ஞாயிறுகளில் பையன்களுக்குப் பேட் (அவர்கள் குத்திப் பழக, கையில் மாட்டிப் பிடிக்கும் மெத்தைப் பட்டை) பிடிக்கிறேன். 2024 நவம்பரில், பொதுத் தேர்தலும் அடுத்த நாள் போயாவும் முடிந்த அந்தச் சனிக்கிழமை காலை, முன்னாள் உலகச் சாம்பியன் மைக் டைசனும் யூடியூப்பால் பிரபலமான ஜேக் போலும் மோதியதை ஒரே ஃபோனைச் சுற்றி நின்று பதினைந்து பேர் பார்த்தோம். டைசனுக்கு வயது 58. மூன்றாவது சுற்றுக்குப் பிறகு அவருடைய கால் நகரவே இல்லை. முடிந்ததும் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை, அப்புறம் எல்லோரும் ஒரே நேரத்தில் கேள்வி கேட்கத் தொடங்கினார்கள். அன்றைக்குக் கேட்டவையும் அதற்குப் பிறகு கேட்டவையும்தான் கீழே இருக்கின்றன. அன்று அவசரத்தில் சொன்ன பதில்கள் எனக்கே போதவில்லை என்பதால் ஆறுதலாக எழுதுகிறேன்.

காசுக்காகத்தானே வருகிறார்கள்?

பாதிப் பேர் ஆம். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஜோ லூயிஸை எடுத்துக்கொள்ளுங்கள். 1937 முதல் 1949 வரை உலக ஹெவிவெயிட் (மிகக் கனமான எடைப் பிரிவு) பட்டம் அவரிடம்தான் இருந்தது, 25 தடவை அதைக் காப்பாற்றினார். போர் நடந்த 1942இல் இரண்டு சண்டைகளில் தனக்குக் கிடைத்த பங்கை அமெரிக்கக் கடற்படை நிவாரண நிதிக்கும் தரைப்படை நிவாரண நிதிக்கும் கொடுத்துவிட்டார். கொடுத்த காசும் அவருடைய வருமானம்தான் என்று சொல்லி அதற்கும் வரி கேட்டார்கள். ஏற்கெனவே இருந்த வரிப் பாக்கியோடு அது சேர்ந்து, வட்டியும் தண்டமும் ஏறி, இலட்சக்கணக்கான டொலராக வளர்ந்தது. ஓய்வெடுத்திருந்த மனிதர் 1950 செப்டெம்பரில் திரும்பி வந்து எஸ்ஸார்ட் சார்ள்ஸிடம் 15 சுற்றும் நின்று தோற்றார். அதோடாவது நிறுத்தியிருக்கலாம், ஆனால் கடன் நிற்கவில்லையே. 1951 ஒக்டோபர் 26ஆம் திகதி நியூயோர்க்கில் ரொக்கி மார்சியானோ எட்டாவது சுற்றில் அவரைக் கயிற்றுக்கு வெளியே விழுத்தினார். லூயிஸுக்கு அப்போது 37. கடைசிக் காலத்தில் லாஸ் வேகஸில் சீசர்ஸ் பெலஸ் சூதாட்ட விடுதியில் வருகிறவர்களை வரவேற்கும் வேலை பார்த்தார்.

இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். தொழில்முறைக் குத்துச்சண்டைக்காரருக்குப் பெரும்பாலும் மாதச் சம்பளமும் இல்லை, ஓய்வூதியமும் இல்லை. சண்டைக்குக் கிடைக்கிற தொகையில் மேலாளருக்கு மூன்றில் ஒரு பங்கு வரை போகும், பயிற்றுநருக்குப் பத்து வீதமளவில் போகும், பயிற்சி முகாம் செலவு, வரி எல்லாம் கழிந்த பிறகுதான் மிச்சம் கையில் வரும். பத்திரிகையில் வருகிற பெரிய எண்ணைப் பார்த்துவிட்டு "இவ்வளவு உழைத்தவனுக்கு என்ன குறை" என்று கேட்கிறவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதில்லை.

அப்படியென்றால் காசு உள்ளவர்கள் ஏன் வருகிறார்கள்?

இந்தக் கேள்விதான் என்னைப் பல வருடமாக விடாமல் பிடித்திருக்கிறது. சுகர் ரே லெனார்டுக்குக் காசுக்குப் பஞ்சமே இல்லை. 1982இல் விழித்திரை பிரிந்து, சத்திரசிகிச்சை செய்து, ஓய்வு அறிவித்தார். திரும்பி வந்தார். 1987இல் அப்போதைய சாம்பியன் மார்வின் ஹாக்லரையே வென்றார். 1991 பெப்ரவரியில் டெரி நோரிஸ் என்ற 23 வயது இளைஞர் அவரை இரண்டு தடவை விழுத்தி 12 சுற்றும் அடித்த பிறகு, ரிங்கில் நின்றபடியே மைக்கைப் பிடித்து இனிப் போதும் என்றார். எல்லோரும் நம்பினோம். 1997இல், 40 வயதில், ஹெக்டர் கமாச்சோவோடு மறுபடி! ஐந்தாவது சுற்றில் சண்டையை நிறுத்த வேண்டி வந்தது.

ரிக்கி ஹட்டன் மான்செஸ்டர்க்காரர். 2009இல் பிலிப்பைன்ஸ் வீரர் மனி பக்கியாவோ அவரை இரண்டாவது சுற்றிலேயே வீழ்த்திய பிறகு மூன்று வருடத்துக்கு மேல் மன அழுத்தத்தோடு போராடினார், அதைப் பற்றி ஒளிக்காமல் பேசினார். 2012 நவம்பரில் திரும்பி வருகிறார் என்று அறிவித்ததும், எதிராளி யார் என்று தெரியும் முன்பே ஊர்க்காரர்கள் டிக்கெட் எல்லாவற்றையும் வாங்கித் தீர்த்துவிட்டார்கள். ஒன்பதாவது சுற்றில் ஈரலைப் பார்த்து வந்த ஓர் இடது கைக் குத்தில் சுருண்டு விழுந்தார். காலமெல்லாம் அவர் மற்றவர்களை விழுத்திய அதே குத்து அது.

இவர்களைக் கொண்டுவந்தது காசு என்று என்னால் சொல்ல முடியாது. பத்து, பன்னிரண்டு வயதிலிருந்து காலை ஐந்து மணிக்கு எழும்பி ஓடி, என்ன சாப்பிடுவது, எப்போது தூங்குவது என்பதையெல்லாம் அடுத்த சண்டைத் திகதியை வைத்தே முடிவு செய்த ஒருவரிடமிருந்து அந்தத் திகதியை எடுத்துவிட்டால் அவர் காலையில் எதற்கு எழும்புவார்? இருபதாயிரம் பேர் பெயர் சொல்லிக் கத்தும்போது கிடைக்கிற உணர்வுக்கு ஈடாக வீட்டு வரவேற்பறையில் எதுவும் இல்லை. அப்புறம், தோற்றுப் போனவருக்கு அந்தக் கடைசித் தோல்வி தொண்டையில் முள்ளாக நிற்கும். அதை எடுக்கத்தான் வருகிறார், இன்னொரு முள்ளோடு போகிறார்.

தங்களால் முடியாது என்று அவர்களுக்கே தெரியாதா?

தெரியாது. பிடிவாதத்தால் தெரியாதது போல நடிக்கிறார்கள் என்றுதான் நானும் முன்பு நினைத்தேன். ஒரு தடவை பக்கத்தில் நின்று பார்த்த பிறகு அந்த எண்ணம் போய்விட்டது.

எங்கள் ஜிம்முக்கு வரும் ஓர் அண்ணா ஒரு காலத்தில் நன்றாக அடித்தவர், தேசிய மட்டத்தில் பதக்கம் எடுத்தவர். 37 வயதில் ஒரு போட்டிக்கு மட்டும் இறங்கப் போகிறேன் என்றார். இரண்டு மாதம் அவருக்குப் பேட் பிடித்தவன் நான்தான். கை அப்படியே இருந்தது, என் உள்ளங்கை எரியும். "கை அப்படியே இருக்குது அண்ணா" என்று சொன்னேன், அதில் பொய் இல்லை. ஆனால் பேட் பிடிக்கிறவர் வாங்கிக்கொண்டு மட்டும் நிற்பதில்லை, இடையிடையே பேடைத் தலையை நோக்கி வீசுவோம், அவர் குனிந்து தப்ப வேண்டும். முதல் கிழமை வீசிய ஒவ்வொன்றும் அவருடைய காதோரத்தில் பட்டது. ஒரு தடவைகூட அவர் தப்பவில்லை. எனக்கு மனம் கேட்கவில்லை, மரியாதையும் தடுத்தது. அடுத்த கிழமையிலிருந்து மெதுவாக வீசினேன். அவர் அழகாகக் குனிந்து தப்பினார். பார்த்துக்கொண்டிருந்த பையன்கள் கைதட்டினார்கள்.

போட்டியில் எதிரே நின்றவனுக்கு வயது 21. அவன் மெதுவாக வீசவில்லை. இரண்டாவது சுற்றில் நடுவர் இரண்டு தடவை எண்ணிவிட்டு நிறுத்தினார்.

அன்றிலிருந்து பழைய சண்டைகளைப் பார்க்கும்போது நான் தேடுவது ஒன்றைத்தான்: இவருக்கு யார் யார் பேடை மெதுவாக வீசினார்கள்? குத்தின் பலம் கடைசியில்தான் போகும், கண்ணும் காலும் முதலில் போகும். பஞ்சிங் பேக் திருப்பி அடிக்காது, கண்ணாடி உடம்பை மட்டும் காட்டும். 1980இல் லாரி ஹோம்ஸோடு மோத முகமது அலி திரும்பி வந்தபோது, சில மாதத்தில் உடம்பை 217 இறாத்தலுக்கு இறக்கி, நரைத்த முடிக்குச் சாயம் பூசி, ஆறு வருடம் முந்திய அலி போலவே நின்றார். எடை குறைந்ததற்கு ஒரு காரணம் தைரொய்ட் மாத்திரை. அது கொழுப்போடு தெம்பையும் தண்ணீரையும் சேர்த்து உறிஞ்சிவிட்டது. கண்ணாடியில் பார்த்த உடம்பை அவர் நம்பினார், சுற்றியிருந்தவர்களும் நம்பச் சொன்னார்கள். ஒக்டோபர் 2ஆம் திகதி லாஸ் வேகஸில் பத்துச் சுற்று நடந்தது, மூன்று நடுவர்களும் அதில் ஒரு சுற்றைக்கூட அலிக்குக் கொடுக்கவில்லை. பத்தாவது முடிந்ததும் பயிற்றுநர் ஏஞ்சலோ டண்டி போதும் என்று நிறுத்தினார். அலிக்கு 38.

அதற்குப் பிறகும் ஒன்று இருந்தது. 1981 டிசெம்பர் 11ஆம் திகதி, பஹாமாஸில், ட்ரெவர் பெர்பிக்கோடு. சுற்றுக்கு அடிக்க மணி இல்லாமல் ஒரு மாட்டு மணியைத் தேடிப் பிடித்தார்கள். உலகத்துக்கே தெரிந்த முகம் ஒரு மாட்டு மணிச் சத்தத்தில் முடிந்தது என்பதை நினைக்கும்போது இப்போதும் எனக்கு நெஞ்சு அடைக்கும். மூன்று வருடத்தில், 1984இல், பார்க்கின்சன் நோய்க்கான அறிகுறிகள் இருப்பதாக டொக்டர்கள் சொன்னார்கள்.

வயதானால் உடம்புக்குள் என்ன மாறுகிறது?

கண் பார்த்து மூளை முடிவெடுத்துக் கால் நகர்வதற்கு எடுக்கும் நேரம் கொஞ்சம் கூடுகிறது. கண் சிமிட்டும் நேரத்தில் ஒரு பங்குதான், ஆனால் குத்து தாடையில் படுவதா தோளில் படுவதா என்பதை அந்தப் பங்குதான் தீர்மானிக்கிறது. வருவது தெரிந்து வந்த குத்தைவிட, வருவது தெரியாமல் வந்த குத்துதான் ஆளை விழுத்தும், ஏனென்றால் கழுத்து இறுகி ஆயத்தமாக நேரம் கிடைப்பதில்லை.

மற்றது மூளை. வயதோடு மூளை சற்றுச் சுருங்கும், மண்டையோட்டுக்கும் மூளைக்கும் இடையில் ஓடும் சின்ன இரத்தக் குழாய்கள் இழுபட்டு நிற்கும். தலை சட்டென்று திரும்பும்போது அவை அறுந்து உள்ளே இரத்தம் கசியும் ஆபத்து இளைஞரைவிடக் கூட. எடை குறைக்கத் தண்ணீர் குடிக்காமல் இருப்பவருக்கு நிலைமை இன்னும் மோசம். நீண்ட காலம் அடிவாங்கியவர்களிடம் வரும் பேச்சுக் குழறல், நடைத் தள்ளாட்டம், மறதி எல்லாவற்றையும் 1928இலேயே ஹரிசன் மார்ட்லண்ட் என்ற அமெரிக்க டொக்டர் எழுதிவிட்டார். அதன் பின்னால் இருக்கும் மூளைச் சிதைவை இன்றுவரைக்கும் இறந்த பிறகு மூளையை வெட்டிப் பார்த்துத்தான் உறுதி செய்கிறார்கள். உயிரோடு இருக்கும்போது "உனக்கு அது இருக்கிறது, நிறுத்து" என்று காட்ட ஒரு படம் கையில் இல்லை. அதனால்தான் வாதாட இவ்வளவு இடம் கிடைக்கிறது.

ஜோர்ஜ் ஃபோர்மன் 45 வயதில் வென்றாரே?

வென்றார். 1994 நவம்பர் 5ஆம் திகதி, 26 வயது உலகச் சாம்பியன் மைக்கேல் மூரரைப் பத்தாவது சுற்றில் ஒரு வலது கைக் குத்தில் வீழ்த்தினார். புள்ளிகளில் அதுவரை பின்னால்தான் இருந்தார். 1974இல் சயரில் அலியிடம் தோற்ற அன்று போட்டிருந்த அதே காற்சட்டையை அன்றும் போட்டிருந்தார். நான் பார்த்த மிகச் சந்தோஷமான குத்துச்சண்டைக் காட்சி அதுதான், எத்தனை தடவை போட்டாலும் பார்ப்பேன்.

ஆனால் அவர் 1977இல் விட்டுவிட்டு 1987வரை பத்து வருடம் ஒரு குத்துக்கூட வாங்கவில்லை. போதகராக இருந்தார், ஹூஸ்டனில் இளைஞர் நிலையம் ஒன்றை நடத்தினார், அதற்குக் காசு தேவைப்பட்டுத்தான் வந்தார். வந்ததும் பெரிய ஆட்களிடம் போகவில்லை, சின்ன ஊர்களில் சின்ன ஆட்களோடு தொடங்கி ஏழு வருடம் ஏறி வந்தார், நடுவில் தோற்கவும் செய்தார். அவருடைய முறைக்குக் கால் அதிகம் தேவையில்லை, போவதில் கடைசியான அந்தக் குத்தின் பலம்தான் அவருடைய முதல். பக்கியாவோவும் 2025 ஜூலையில், 46 வயதில், மாரியோ பாரியோஸோடு உலகப் பட்டச் சண்டையைச் சமன் செய்து காட்டினார். இந்த இரண்டு பேரைச் சொல்லித்தான் மற்ற எல்லோரும் திரும்பி வருகிறார்கள். எங்கள் அண்ணாவும் ஃபோர்மனைத்தான் சொன்னார்.

அனுமதி கொடுக்கிறவர்கள் ஏன் தடுப்பதில்லை?

சிலர் தடுத்தார்கள். முன்னாள் ஹெவிவெயிட் சாம்பியன் இவாண்டர் ஹோலிஃபீல்டின் ஆற்றல் குறைந்துவிட்டது என்று சொல்லி நியூயோர்க் அதிகாரிகள் 2005இலேயே அவருடைய லைசன்ஸை நிறுத்தினார்கள். ஆனால் அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் வெவ்வேறு ஆணையம், வெவ்வேறு மனசாட்சி. 2021இல் டி லா ஹோயாவுக்குக் கொரோனா வந்து அவருடைய இடத்தில் 58 வயது ஹோலிஃபீல்டை இறக்க நினைத்தபோது கலிஃபோர்னியா ஒத்துக்கொள்ளவில்லை. முழு நிகழ்ச்சியையும் புளோரிடாவுக்கு மாற்றினார்கள். முதல் சுற்றிலேயே ஹோலிஃபீல்ட் தோற்றார்.

அலியை 1980இல் மேயோ மருத்துவமனைக்கு அனுப்பிச் சோதித்தார்கள். ஒற்றைக் காலில் துள்ளும்போதும் விரலால் மூக்கைத் தொடும்போதும் அவரிடம் எதிர்பார்க்கிற துல்லியம் இல்லை என்று அறிக்கையிலேயே இருந்தது. இருந்தும் நெவாடா லைசன்ஸ் கொடுத்தது. மில்லியன் கணக்கில் டொலர் புரளும் நிகழ்ச்சி அது. அதற்கு மூன்று வருடம் முன்பே அவருடைய ரிங் டொக்டர் ஃபேர்டி பச்சேக்கோ, சிறுநீரகப் பரிசோதனை முடிவுகளை அலிக்கும் மனைவிக்கும் கூட இருந்தவர்களுக்கும் அனுப்பி நிறுத்தச் சொல்லிப் பார்த்தார். பதில் வரவில்லை. அவர் விலகிப் போனார். அந்தக் கூட்டத்தில் பேடை உண்மையான வேகத்தில் வீசியவர் அவர்தான்.

ஜெரி குவாரியின் கதையைப் பையன்களுக்குச் சொல்லும்போது எனக்குக் குரல் மாறும். அலியோடும் ஃப்ரேசரோடும் நின்று அடித்த மனிதர். 1992இல், 47 வயதில், மூளை ஏற்கெனவே பாதிக்கப்பட்டிருந்த நிலையில், கொலராடோவில் ஆறு சுற்று மோதினார். அந்த மாநிலத்தில் அப்போது குத்துச்சண்டை ஆணையமே இல்லை, கேட்க ஆளில்லை. கிடைத்தது ஆயிரத்துச் சொச்சம் டொலர். கொஞ்சக் காலத்தில் தானாகச் சாப்பிடவும் உடுப்புப் போடவும் முடியாமல் போனது. 53 வயதில் இறந்தார்.

டைசன் – ஜேக் போல் உண்மையான சண்டையா?

டெக்சாஸ் அதை முறையான தொழில்முறைச் சண்டையாகத்தான் பதிவு செய்தது. எட்டுச் சுற்று, சுற்றுக்கு மூன்று நிமிடத்துக்குப் பதில் இரண்டு, வழக்கத்தைவிடப் பெரிய 14 அவுன்ஸ் கையுறை. ஜூலையில் நடக்க வேண்டியது, டைசனுக்கு வயிற்றுப் புண்ணில் இரத்தம் போய் நவம்பருக்குத் தள்ளிப்போனது. ஜேக் போல் வேண்டுமென்றே விட்டுக்கொடுத்தாரா என்று கேட்கிறார்கள். கடைசிச் சுற்றுகளில் அவர் துரத்தி அடிக்கவில்லை, அதற்காக அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எதிரே நின்று அடித்தவருக்கு எப்படி இருக்கும்?

ஹோம்ஸ் ஒரு காலத்தில் அலிக்கு ஸ்பாரிங் (பயிற்சிச் சண்டை) கொடுத்த பையன், தொழிலை அவரிடம் பார்த்துப் படித்தவர். வென்ற இரவில் அழுதார். மார்சியானோவும் லூயிஸை விழுத்திவிட்டு அழுதார், லூயிஸ் அவருடைய சின்ன வயது நாயகன். வென்றவரும் அழுகிற விளையாட்டு வேறு எதுவும் எனக்குத் தெரியாது.

இலங்கையிலும் இப்படி நடக்குமா?

இங்கே தொழில்முறைக் குத்துச்சண்டை பெரிதாக இல்லை. பாடசாலைகளில் ஸ்டப்ஸ் கேடயப் போட்டியில் தொடங்கி, பிறகு இராணுவம், கடற்படை, விமானப்படை, பொலிஸ் அணிகளில் சேருவதுதான் வழி. அதில் சம்பளம் உண்டு, ஓய்வூதியம் உண்டு, அந்த விதத்தில் நம் பையன்கள் லூயிஸைவிடப் பாதுகாப்பானவர்கள். அமெச்சூர் விதிப்படி 40 வயதுக்கு மேல் இறங்கவும் முடியாது. நல்ல விதி. ஆனால் 35க்கும் 40க்கும் இடையில் எங்கள் அண்ணா போல நிறையப் பேர் இருக்கிறார்கள். 1938இல் சிட்னியில் நடந்த பிரித்தானியப் பேரரசு விளையாட்டுப் போட்டியில் பார்னி ஹென்ரிகஸ் எடுத்த தங்கத்தை இன்றும் ஜிம்களில் சொல்கிறோம், அதற்குப் பிறகு வந்த எத்தனையோ பேரை அடுத்த வருடமே மறந்துவிட்டோம். பெயர் சொல்லாத ஊரில் ஒருவருக்குத் திரும்பவும் ரிங் ஏறத் தோன்றுவதில் என்ன ஆச்சரியம்?

சரியான நேரத்தில் விட்டவர்கள் யாரும் இல்லையா?

மார்சியானோ 49 சண்டை, தோல்வி இல்லை, 1956இல் விட்டார். லெனொக்ஸ் லூயிஸ் 2004இல் சாம்பியனாகவே போனார், பெரிய தொகை பேசியும் வரவில்லை. எனக்குப் பிடித்தவர் ஹாக்லர். லெனார்டிடம் தோற்ற தீர்ப்பை அவர் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை, மறு சண்டைக்குக் காத்திருந்தார், கிடைக்காதபோது இத்தாலிக்குப் போய்ப் படங்களில் நடித்தார். முள் தொண்டையிலேயே இருந்தது, ஆனாலும் திரும்பவில்லை.

எங்கள் அண்ணன் திரும்ப இறங்கப் போகிறேன் என்கிறார். என்ன சொல்வது?

"உங்களுக்கு வயதாகிவிட்டது" என்று தொடங்காதீர்கள், அங்கேயே கதவு மூடிவிடும். பழைய வீடியோவையும் போன மாத ஸ்பாரிங் வீடியோவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள், அடித்த குத்துகளை விட்டுவிட்டு வாங்கிய குத்துகளை இரண்டு பேருமாகச் சேர்ந்து எண்ணுங்கள். ஐந்து வருடத்துக்கு முன் அவர் பேசிய குரல் பதிவு இருந்தால் கேட்டுப் பாருங்கள், சொற்கள் இப்போது ஒட்டிக்கொண்டு வருகின்றனவா என்று. சண்டை நடந்தால் யார் யாருக்குக் காசு வரும் என்று ஒரு தாளில் எழுதி, அந்தப் பெயர்களைத் தவிர்த்து வேறு யார் "இறங்கு" என்கிறார்கள் என்று பாருங்கள். நரம்பியல் டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள், தனியாக அனுப்பாதீர்கள். இத்தனைக்கும் பிறகு இறங்கினால், கோர்னரில் துவாயோடு நிற்பவர் அவரை நேசிக்கிற ஆளாக இருக்கட்டும், அதை எறிந்து சண்டையை நிறுத்தப் பயப்படாத ஆளாகவும் இருக்கட்டும்.

அப்புறம் சனிக்கிழமைகளில் அவருக்கு வேலை கொடுங்கள். உண்மையான வேலை, பையன்கள் அவரை எதிர்பார்த்து நிற்கிற வேலை.

அந்த அண்ணா இப்போது எப்படி இருக்கிறார்?

நன்றாக இருக்கிறார். எங்கள் ஜிம்மில் நேரம் பார்க்கிறவர் அவர்தான், சின்னப் பையன்களுக்குக் காலடி சொல்லிக் கொடுக்கிறார். போன வருடம் ஒரு நாள், எல்லோரும் போன பிறகு, பேடை மெதுவாக வீசியதை அவரிடம் சொல்லிவிட்டேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பேட் மெதுவா வாற மாதிரித் தெரிஞ்சுதுதான். என்ட கண் திரும்ப வந்திட்டுது எண்டு நினைச்சன்டா" என்றார்.